புதுச் சூளைன்னா கொட்டத்தான் செய்யுமா?

பொட்டி தட்டுற பயலுக்கு சூளையைப் பத்தி என்ன தெரியும்னு யாரும் ஆரம்பிக்க வேணாம். அரியலூர்ல வளர்ந்தவனுக்கு கில்ன், கிளிங்கர், ஷட்டவுன் எல்லாம் டீக்கடையிலயே காதுல விழுந்துடும். எப்பவோ கடல் இருந்த இடம் எங்க ஊரு. அது விட்டுட்டுப் போன சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான் 1979ல அரசு சிமெண்ட் ஆலை வந்துச்சு, பின்னாலயே தனியார் ஆலைகள். பெரம்பலூர் பக்கம் சாத்தனூர்ல கல்லாகிப்போன மரத்தை வேலி போட்டுக் காட்டுறாங்க. எங்க பக்கம் அந்தக் கடல்காலத்துக் கல்லை அரைச்சு மூட்டை கட்டுறோம். :-)

மேட்டர் இதுதான். கில்னுக்குப் புதுசா கல்லு கட்டி சூடேத்துவாங்க. கொஞ்ச நாள்ல உள்ளே கல்லு பொரிஞ்சு கொட்டும். ஏன்னு கேட்டா கூடப் படிச்ச என்ஜினியர் நண்பர்களே சொல்ற பதில், "புதுசுல அப்படித்தான்டா இருக்கும், போகப் போக செட் ஆயிடும்."

ஆகாது சார்.

கில்னுங்கறது சுத்திக்கிட்டே இருக்குற பெரிய இரும்புக் குழாய். உள்பக்கம் கிட்டத்தட்ட ஒரு சாண் கனத்துக்கு தீக்கல்லு. கிணத்துச் சுத்துச்சுவர் மாதிரி ஒண்ணை ஒண்ணு நெருக்கித்தான் நிக்குது. உள்ளே போற சரக்கு 1450 டிகிரி வரை சூடாகுது, தீ நாக்கு 2000ஐ நெருங்கும். அவசரப்பட்டு சூடேத்துனா இரும்பு விரியறதுக்கு முன்னாடி கல்லு விரிஞ்சுடும். இடம் பத்தாம ஒண்ணையொண்ணு நெருக்கி முகம் பொரிஞ்சு விழும். கட்டும்போதே லூசா விட்டிருந்தா சுத்துறப்ப வழுக்கும். காங்கிரீட் மாதிரி ஊத்துற இடத்துல ஈரம் மெதுவா வெளியேறணும். விரட்டுனா நீராவி வெடிச்சுக்கிட்டு வரும். இதுல எந்தக் காரணத்துக்கு "புதுசு"ன்னு பேரு? எல்லாமே ஆள் செஞ்ச வேலை, ஆள் காட்டுன அவசரம்.

புது லைனிங்ல கொஞ்சம் மணலும் பொடியும் உதிரும், ஒத்துக்கறேன். வீட்டுல பொழுதுபோக்குக்கு கண்ணாடி உருக்குற குட்டிச் சூளையில கூட கூரையிலேர்ந்து தூசி கண்ணாடி மேல விழும். அவங்க சுடுறதுக்கு முன்னாடி வேக்குவம் போட்டு உறிஞ்சுட்டுத்தான் பத்த வைக்கிறாங்க. ஒரு தட்டு வீணாகுமேங்கற கவலைக்கே அவ்வளவு!

இங்க வீணாகறது தட்டு இல்லை. கல்லு விழுந்து இரும்பு சிவந்ததும் கில்னை நிறுத்துவாங்க. ஒவ்வொரு மணி நேரமும் உற்பத்தி நட்டம், அதனால ஆறுறதுக்குள்ள அவசரம். உள்ளே இறங்குறது சாட்சாத் காண்ட்ராக்ட் ஆளு. தலைக்கு மேல ஒட்டிக்கிட்டு நிக்குற கிளிங்கர் பாளம் எப்ப விழும்னு அதுக்கே தெரியாது. ஆறாத சூளைக்குள்ள ஆளை விடக்கூடாதுன்னு 1948 தொழிற்சாலைகள் சட்டத்தோட 36ஆம் பிரிவுலயே எழுதி வச்சாங்க. தொங்குறதை வெளியே நின்னு தட்டி விழவச்சப்புறம்தான் ஆள் போகணும்ங்கறது தொழிலோட பாலபாடம்.

இன்னொண்ணு, குரோம் கலந்த பழைய ரகக் கல்லு. சூட்டுல, சரக்குல இருக்குற காரத்தோட சேர்ந்து அதுல ஆறு இணைதிறன் குரோமியம் உண்டாகும். புற்றுநோய் தர்ற சமாச்சாரம், தண்ணில கரையும். அந்த இடிபாட்டை வெட்டவெளியில கொட்டி மழையில நனைய விட்டா எங்க போகும்? கிணத்துக்குத்தான். குரோம் இல்லாத கல்லு மார்க்கெட்டுக்கு வந்து எத்தனையோ வருஷமாச்சு. விலைதான் பிரச்சனைன்னா அதை நேராவே சொல்லுங்கப்பா.

எங்க தொழில்லயும் இந்த வியாதி உண்டு. முதல்ல ரிலீஸ், அப்புறம் பேட்ச். ஆனா நான் ஓட்டையா எழுதுன கோடு யார் மண்டையிலயும் விழாது. விழுந்தா ரெண்டு திட்டு மெயில், அவ்வளவுதான். அந்தப் புத்தியை கில்னுக்குக் கொண்டுபோறவங்க மேலதான் என் கோவம்.

அடுத்த தடவை "புதுசு"ன்னு யாராவது சொன்னா ஒண்ணே ஒண்ணு கேளுங்க: மணிக்கு எத்தனை டிகிரி ஏத்துனீங்க, சார்ட் எங்க?

டிஸ்கி: எந்த ஆலைன்னு கேட்டு மெயில் போடாதீங்க. சொல்ல மாட்டேன்.