மார்ச் மாதத்துப் பைத்தியம்

மார்ச் மாத நடுவில் வரும் ஒரு வியாழக்கிழமை மதியம் அமெரிக்க அலுவலகங்கள் திறந்துதான் இருக்கும். வேலை நடக்கிறதா என்பதுதான் சந்தேகம்! கணினித் திரையின் ஓரத்தில் ஒரு மேட்ச் ஓடிக்கொண்டிருக்கும். இதற்காகவே சி.பி.எஸ். தொலைக்காட்சி தன் இணைய ஒளிபரப்பில் 'பாஸ் பட்டன்' என்று ஒன்றை வைத்திருந்தது. மேலதிகாரி வருகிறாரா? பட்டனை அழுத்தினால் போதும், மேட்ச் மறைந்து கணக்குப் போடும் எக்செல் தாள் போல ஒரு படம் வந்துவிடும். ஒரு பெரிய தொலைக்காட்சி நிறுவனமே இப்படி ஊழியர்களுக்கு உடந்தையாக இருந்திருக்கிறது என்றால், அந்த விளையாட்டின் பிடி எவ்வளவு பலமானது என்று புரிந்துகொள்ளலாம்.

அந்த விளையாட்டு கல்லூரி மாணவர்கள் ஆடும் கூடைப்பந்து. என்.சி.ஏ.ஏ. என்ற கல்லூரி விளையாட்டு அமைப்பு ஆண்டுதோறும் நடத்தும் இந்தப் போட்டிக்கு 'மார்ச் மேட்னஸ்' என்று பெயர். மார்ச் மாதத்துப் பைத்தியம்! 1939இல் வெறும் 8 அணிகளோடு ஆரம்பித்தது. 1985இல் 64 அணிகள் ஆனது, 2011இல் 68 ஆனது. ஒரு மேட்ச் தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான், மறு வாய்ப்பு கிடையாது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. உலகின் மிகச் சிறந்த கூடைப்பந்தை அமெரிக்கர்கள் அவர்கள் நாட்டிலேயே பார்க்க முடியும். என்.பி.ஏ. இருக்கிறது. அங்கே ஆடுபவர்களோடு ஒப்பிட்டால் கல்லூரிப் பையன்கள் பந்தை அதிகம் தவற விடுவார்கள், கடைசி நிமிடத்தில் ஃப்ரீ த்ரோவைக் கோட்டை விடுவார்கள். ஆட்டத்தின் தரம் என்று பார்த்தால் பேச்சுக்கே இடமில்லை. அப்படியிருந்தும் 2014இல் டெக்சாஸில் நடந்த இறுதிப் போட்டிக்கு 79,238 பேர் நேரில் வந்தார்கள். கூடைப்பந்து அரங்கம் போதாமல் அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் வைத்து நடத்தினார்கள். மேல் வரிசையில் உட்கார்ந்தவர்களுக்கு வீரர்கள் எறும்பு மாதிரிதான் தெரிந்திருப்பார்கள். அதற்கும் டிக்கெட் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். ஏன்?

பலரும் சொல்லும் பதில், 'யார் வேண்டுமானாலும் ஜெயிக்கலாம்' என்பது. பாதிதான் உண்மை. பட்டத்தை வெல்வது பெரும்பாலும் பெரிய கல்லூரிகள்தான். 64 அணிகள் வந்த பிறகு பட்டம் வென்ற அணிகளில் மிகக் கீழான தரவரிசை 1985இல் வென்ற வில்லனோவாவுடையது. அதுவே 8ஆம் இடம்தான். அதற்குக் கீழே இருந்து யாரும் கோப்பையைத் தொட்டதில்லை. ஆக, சின்னக் கல்லூரி ரசிகர்கள் கோப்பைக்காக வருவதில்லை. ஒரே ஒரு இரவுக்காக வருகிறார்கள்.

2018 மார்ச் 16 அப்படி ஓர் இரவு. நாட்டின் 4 பிரிவுகளிலும் முதல் இடத்தில் உள்ள அணி 16ஆம் இடத்து அணியோடு மோத வேண்டும் என்பது முறை. அதுவரை ஆண்கள் போட்டியில் இப்படி 135 ஆட்டங்கள் நடந்திருந்தன. 135லும் முதலிடம்தான் ஜெயித்தது. அன்று வர்ஜீனியா, மொத்தத் தரவரிசையிலேயே முதல் அணி. எதிரே யு.எம்.பி.சி., மேரிலாந்து மாநிலத்தில் பால்டிமோர் பக்கத்துக் கல்லூரி. கூடைப்பந்தை விடச் சதுரங்க அணிக்காகப் பேர் வாங்கிய இடம்! இடைவேளையில் 21-21. அதற்குப் பிறகு நடந்ததை எப்படி விளக்குவது என்று வர்ணனையாளர்களுக்கே தெரியவில்லை. கடைசியில் 74-54. ஒரு புள்ளி, இரண்டு புள்ளி வித்தியாசம் இல்லை, 20 புள்ளி! இரண்டு நாள் கழித்து கேன்சஸ் ஸ்டேட்டிடம் 43-50 என்று தோற்று யு.எம்.பி.சி. ஊர் திரும்பியது. அதனால் என்ன? அந்த ஒரு வெள்ளிக்கிழமை போதும்.

(ஆனால் இந்தச் சாதனை முதலில் பெண்களுடையது. 1998இலேயே ஹார்வர்டு பெண்கள் அணி 16ஆம் இடத்திலிருந்து ஸ்டான்ஃபோர்டை 71-67 என்று தோற்கடித்தது. 2018இல் 'வரலாற்றில் முதல் முறை' என்று கூவியவர்களில் பலருக்கு இது நினைவே வரவில்லை.)

இந்த மாதிரி இரவு என்.பி.ஏ.வில் வராது. அங்கே 7 ஆட்டங்களில் 4 ஜெயிக்க வேண்டும். ஓர் இரவு பலவீனமான அணி ஜெயித்தாலும் அடுத்த நாலு ஆட்டத்தில் உண்மை வெளிவந்துவிடும். யார் சிறந்த அணி என்று கண்டுபிடிக்க அதுதான் நேர்மையான வழி. கல்லூரிப் போட்டியோ 40 நிமிடத்தில் முடிந்துவிடும். இந்த 40 நிமிடத்தில் ஒருவனுக்குத் தொடர்ந்து மூன்று பாயிண்ட் ஷாட்டுகள் விழுந்துவிட்டால் கதை மாறிவிடும். இது சிறந்த அணியைக் கண்டுபிடிக்கும் முறை இல்லவே இல்லை. அநியாயமான முறை என்று கூடச் சொல்லலாம். ஆனால் கூட்டத்தை இழுப்பது அந்த அநியாயம்தான்.

இன்னொரு காரணம், விளையாட்டே தெரியாதவர்களையும் இது உள்ளே இழுத்துவிடும். அதற்குப் பெயர் 'பிராக்கெட்'. அணிகளின் பட்டியல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அறிவிக்கப்படும். உடனே அலுவலகம், பள்ளி, தேவாலயம், குடும்பம் என்று எல்லா இடத்திலும் ஆளுக்கொரு தாளை எடுத்துக்கொண்டு யார் யாரை ஜெயிப்பார்கள் என்று கடைசி ஆட்டம் வரை எழுதி வைப்பார்கள். ஜனாதிபதியாக இருந்தபோது ஒபாமாவே ஆண்டுதோறும் தொலைக்காட்சியில் தன் பிராக்கெட்டை நிரப்பிக் காட்டினார். அங்கே வேலைக்குப் போன புதிதில் நம் ஊர் சாப்ட்வேர்காரர்களும் சக ஊழியர்கள் நீட்டும் தாளில் கல்லூரிப் பெயரின் அழகைப் பார்த்தே டிக் அடித்துவிடுவதுண்டு. தப்பில்லை. 64 அணிகள் என்றால் 63 ஆட்டங்கள். அத்தனையையும் சரியாகச் சொல்ல, நாணயம் சுண்டிப் பார்க்கும் கணக்கில், சுமார் 92,000 கோடி கோடியில் ஒரு வாய்ப்புதான் உண்டு. 2014இல் 63ஐயும் சரியாகச் சொல்பவருக்கு 100 கோடி டாலர் என்று ஒரு போட்டியை அறிவித்தார்கள். பரிசுக்கு உத்தரவாதம் கொடுத்தவர் வாரன் பஃபெட். அவர் காசை வீணாக்குகிறவர் இல்லை! யாரும் ஜெயிக்கவில்லை.

இங்கே நிபுணருக்கும் பாமரனுக்கும் பெரிய வித்தியாசம் இல்லாமல் போய்விடுகிறது. வருடம் முழுக்க ஆட்டம் பார்த்தவர் முதல் நாளே மண்ணைக் கவ்வுவார். சின்னத்தில் நாய் படம் இருக்கிறது என்று ஓர் அணியைத் தேர்ந்தெடுத்தவர் ஜெயிப்பார். (யு.எம்.பி.சி.யின் சின்னம் நாய்தான்.) தாளில் எழுதிவிட்டதால் பெயர் கூடக் கேள்விப்படாத ஒரு கல்லூரிக்காக நடு ராத்திரி நகம் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

ஆனால் பிராக்கெட் என்பது மூன்று வாரத்துக் காய்ச்சல். அதைத் தாண்டி ஒன்று இருக்கிறது. அது ஊர்ப் பாசம்.

அமெரிக்காவில் தொழில்முறை அணிகள் பெரிய நகரங்களில்தான் இருக்கும். கென்டக்கி மாநிலத்தில் என்.பி.ஏ. அணி கிடையாது. கேன்சஸில் கிடையாது. அங்கெல்லாம் கல்லூரி அணிதான் ஊர் அணி. தொழில்முறை அணி முதலாளிக்குச் சொந்தம். லாபம் இல்லையென்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விடும். சியாட்டில் ரசிகர்கள் 41 வருடம் கைதட்டிய சூப்பர்சோனிக்ஸ் அணி 2008இல் ஓக்லஹோமாவுக்குப் போய்விட்டது. கல்லூரி அப்படிப் போகாது. அப்பா படித்த இடம், அக்கா படித்த இடம், இல்லாவிட்டால் அப்பா கேன்டீனில் வேலை செய்த இடம். கேன்சஸ் பல்கலைக்கழகம் லாரன்ஸ் என்ற ஊரை விட்டு எங்கே போகும்?

வட கரோலினாவில் டியூக், நார்த் கரோலினா என்று இரண்டு கல்லூரிகள். இடையில் சுமார் 15 கிலோமீட்டர்தான். பரம வைரிகள். எத்தனையோ முறை மோதியிருக்கிறார்கள், ஆனால் இந்தத் தேசியப் போட்டியில் ஒரு முறை கூட எதிரெதிரே வந்ததில்லை. 2022இல் முதல் முறையாக அரையிறுதியில் வந்தார்கள். டியூக் பயிற்சியாளர் மைக் ஷஷெஃப்ஸ்கி 42 வருடம் இருந்துவிட்டு அந்தப் பருவத்தோடு ஓய்வு பெறுவதாக அறிவித்திருந்தார். நார்த் கரோலினா 81-77 என்று ஜெயித்தது. அதுவே அவருடைய கடைசி ஆட்டம். அடுத்த இறுதியில் நார்த் கரோலினா கேன்சஸிடம் தோற்றுப்போனது. அந்தத் தோல்வியைக் கூட ஊர்க்காரர்கள் ஓரளவு ஜீரணித்துக்கொண்டார்கள். டியூக்கைத் தோற்கடித்தாகிவிட்டதே!

இந்தப் பாசத்தின் மேல்தான் பெரிய வியாபாரம் உட்கார்ந்திருக்கிறது. 2010இல் சி.பி.எஸ்., டர்னர் நிறுவனங்கள் 14 வருட ஒளிபரப்புக்கு 1,080 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டன. 2016இல் அதை 2032 வரை நீட்டித்து இன்னும் 880 கோடி டாலர் சேர்த்தார்கள். பயிற்சியாளர்களுக்கு லட்சம் லட்சமாகச் சம்பளம். ஆடும் பையன்களுக்கு? கல்லூரிக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு. அவ்வளவுதான். ஒரு சட்டையில் கையெழுத்துப் போட்டுக் காசு வாங்கினால் கூடக் குற்றம்.

அந்த 79,238 பேர் வந்த 2014 இறுதிப் போட்டியை ஜெயித்தது கனெக்டிகட். அதன் நட்சத்திர வீரர் ஷபாஸ் நேப்பியர். பணம் இல்லாமல் சில இரவுகளில் பசியோடு படுத்திருக்கிறேன் என்று அந்த நாட்களில்தான் நிருபர்களிடம் அவர் சொன்னார். அவர் எண் போட்ட சட்டை கடைகளில் விற்கலாம், அவர் ஆட்டத்தைக் காட்டிக் கார் விளம்பரம் போடலாம், அவருக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு வழியில்லை. சில நாட்களிலேயே உணவுக் கட்டுப்பாட்டை என்.சி.ஏ.ஏ. தளர்த்தியது. வெட்கத்தினால் வந்த சீர்திருத்தம். 'அமெச்சூர் விளையாட்டின் தூய்மைதான் ரசிகர்களை இழுக்கிறது' என்று அந்த அமைப்பு நீதிமன்றம் வரை போய் வாதாடியது. 2021இல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒருமனதாக அதற்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். அதே ஜூலை முதல் வீரர்கள் தங்கள் பெயரை வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்று ஆனது. 2025இல் கல்லூரிகளே நேரடியாகப் பணம் கொடுக்கலாம் என்ற நிலையும் வந்துவிட்டது.

தூய்மை போனதால் ரசிகர்கள் ஓடிவிட்டார்களா? இல்லையே. 2024இல் அயோவாவின் கெய்ட்லின் கிளார்க் விளம்பரத்தில் லட்சக்கணக்கில் சம்பாதித்துக்கொண்டேதான் ஆடினார். சவுத் கரோலினாவோடு நடந்த அந்தப் பெண்கள் இறுதியைச் சுமார் 1 கோடியே 89 லட்சம் பேர் பார்த்தார்கள். அந்த வருட ஆண்கள் இறுதிக்குக் கிடைத்ததோ 1 கோடியே 48 லட்சம்தான். மூன்று வருடம் முன்பு, 2021இல், பெண்கள் அணிகளுக்கு உடற்பயிற்சி செய்ய ஒரு சின்ன டம்பெல் அடுக்கை மட்டும் வைத்துவிட்டு, ஆண்களுக்குப் பெரிய கூடமே கட்டிக் கொடுத்த அதே அமைப்பு நடத்திய போட்டிதான் இது. வீரர்கள் பணம் வாங்குவது ரசிகர்களுக்குப் பிரச்சினையாக இருந்ததே இல்லை. அது மேலே உட்கார்ந்திருந்தவர்களின் கவலை.

ஆனால் வேறொரு ஆபத்து இருக்கிறது. அதைப் பற்றி ரசிகர்கள் கவலைப்படுவது நியாயம்தான். முன்பெல்லாம் கல்லூரி மாறினால் ஒரு வருடம் ஆடாமல் உட்கார வேண்டும். 2021இல் அந்த விதியைத் தளர்த்தினார்கள், 2024இல் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்று ஆக்கிவிட்டார்கள். மாணவனுக்கு இது நல்லது. பயிற்சியாளர் நினைத்த நேரத்தில் வேறு கல்லூரிக்குப் போகும்போது பையன் மட்டும் ஏன் கட்டுண்டு கிடக்க வேண்டும்? சின்னக் கல்லூரிக்கு இது இடி. இரண்டு வருடம் கஷ்டப்பட்டு ஒருவனை உருவாக்கினால், அவன் நன்றாக ஆட ஆரம்பித்த அன்றே பெரிய கல்லூரி பணப்பையோடு வந்து நிற்கும். 2025இல் கடைசி 16 அணிகளும் நாலே நாலு பெரிய கூட்டமைப்புகளைச் சேர்ந்தவை. அரையிறுதியில் வந்த நாலும் முதலிடத்து அணிகள். ஆட்டங்கள் நன்றாகத்தான் இருந்தன. புளோரிடா ஹூஸ்டனை 65-63 என்று ஜெயித்த இறுதி ஆட்டத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த மூன்று வாரத்தில் யு.எம்.பி.சி. மாதிரி ஓர் இரவு வரவில்லை. ஒரு வருடத்தை வைத்து முடிவு கட்டக் கூடாதுதான். இருந்தாலும் பணம் போகும் திசை தெரிகிறது.

2022இல் ஜெர்சி சிட்டியிலிருந்து செயின்ட் பீட்டர்ஸ் என்ற சிறிய கத்தோலிக்கக் கல்லூரி 15ஆம் இடத்தில் வந்தது. முதல் ஆட்டத்திலேயே கென்டக்கியை 85-79 என்று கூடுதல் நேரத்தில் தோற்கடித்தது. அந்தக் கென்டக்கி பயிற்சியாளரின் ஆண்டுச் சம்பளம் 80 லட்சம் டாலருக்கும் மேல். அடுத்து முர்ரே ஸ்டேட், அடுத்து பர்டியூ. 15ஆம் இடத்து அணி ஒன்று கடைசி 8க்குள் வந்தது அதுதான் முதல் முறை. ஜெர்சி சிட்டி தெருக்களில் மக்கள் ஆடிப் பாடினார்கள். கல்லூரி வாசலைக் கூட மிதித்திராதவர்களும் அந்த நீலச் சட்டைக்காக அலைந்தார்கள். நார்த் கரோலினாவிடம் 49-69 என்று தோற்று அந்தப் பயணம் முடிந்தது. சில நாட்களில் பயிற்சியாளர் ஷஹீன் ஹாலோவே, தான் படித்த சீட்டன் ஹால் கல்லூரிக்குப் பயிற்சியாளராகப் போனார். அந்த வசந்தம் முடிவதற்குள் முக்கிய வீரர்கள் பலரும் ஆளுக்கொரு கல்லூரிக்குக் கிளம்பிவிட்டார்கள்.

2024இல் செயின்ட் பீட்டர்ஸ் திரும்பவும் தகுதி பெற்றது. மறுபடி 15ஆம் இடம். பயிற்சியாளர் புதியவர், அணியும் கிட்டத்தட்டப் புதியது. டென்னசியிடம் 49-83 என்று, 34 புள்ளி வித்தியாசத்தில் தோற்றது.