இரு பாதைகள் கூடுமிடம்

மாரண்டஹள்ளி மார்க்கமாய் இன்று செல்வது சேலம்–பெங்களூர் அகல இருப்புப்பாதை. ஆயின் இப்பக்கத்தில், 1906இல் மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கும், 1913இல் அங்கிருந்து ஓசூருக்கும் இடப்பெற்றது குறுகிய பாதையே. அவ்வண்டி மொரப்பூரில் அகலப்பாதையிற் புகாது. மூட்டைகளை இறக்கி மாற்றி ஏற்றுதல் வேண்டும்.

கணினி வலைகளிலும் இத்தகைய மொரப்பூர்கள் உள. 'ரிப்' என்னும் நெறிமுறை தூரத்தைத் தாவல்களால் எண்ணும். 15க்கு மேற்பட்டதைச் செல்லா வழியெனத் தள்ளும். 'ஓ.எஸ்.பி.எஃப்.' இணைப்புக்களின் செலவைக் கூட்டிப் பார்க்கும். ஒன்றன் அளவு மற்றதற்குப் பொருள்படாது. எனினும் எல்லையிலுள்ள திசைவியில், ஒன்று அறிந்த வழிகளையெல்லாம் மற்றதனுள் அப்படியே கொட்டிவிடுவார் உளர். இது தகாதென்பது என் கருத்து. எல்லைத் திசைவிகள் இரண்டாயின், ஒரு வாயிலாற் சென்ற வழி மறுவாயிலாற் புதுச்செய்திபோல் மீளும்; பொதிகள் ஊர் சேராது சுழலும். 2008 பிப்ரவரி 24இல், பாகிஸ்தானில் யூடியூபைத் தடுக்கவென எழுதிய வழியொன்று புறத்தே கசிந்து, உலகின் பல பாகங்களில் அத்தளம் ஏறக்குறைய 2 மணி நேரம் எட்டாதாயிற்று.

ஆகலின், வேண்டும் வழிகளை மட்டும் குறித்து விடுக; விடுவதற்கு அடையாளமிடுக; அவ்வடையாளத்தோடு மீள்வதை மறுவாயிலில் மறுத்திடுக. வேலை மிகுமென்பர் சிலர். மொரப்பூரில் மூட்டை சுமந்தோர் அதனைக் கேட்டால் நகைப்பர்.