‘நைஸ்’ மட்டும் போதுமா?

குட்டீஸ்... நண்பன், தான் வரைந்த படத்தைக் காட்டினால் என்ன சொல்வீர்கள்? ‘நைஸ்!’ அம்மா செய்த பாயசம் எப்படி? அதுவும், ‘நைஸ்!’ புதுச் சட்டை, கிரிக்கெட் மேட்ச், டீச்சர் சொன்ன கதை... எல்லாமே, ‘நைஸ்’ தானா?

இந்தச் சொல்லின் பூர்வீகம் தெரிந்தால் சிரிப்பீர்கள். லத்தீன் மொழியில், ‘நெஸ்கியுஸ்’ என்றால், அறியாதவன் என்று பொருள். ‘நெ’ என்றால் இல்லை. ‘ஸ்கீரே’ என்றால் அறிதல். பிரெஞ்சு வழியாக, 1300ம் ஆண்டு வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தபோது, ‘நைஸ்’ என்றால் முட்டாள்! பிறகு, எதிலும் எளிதில் திருப்தி அடையாதவர், நுட்பமானது என்றெல்லாம் பொருள் மாறி, 18ம் நூற்றாண்டில் தான், ‘இனிமையானது’ ஆனது. இதில் வேடிக்கை என்ன தெரியுமா? ‘சயின்ஸ்’ என்ற சொல்லும், அதே ‘ஸ்கீரே’யிலிருந்து பிறந்தது தான்!

எதற்கெடுத்தாலும், ‘நைஸ்’ போடும் பழக்கத்தை, 1817ல் வெளியான, ‘நார்த்தாங்கர் அபே’ நாவலிலேயே கிண்டல் செய்து விட்டார், ஜேன் ஆஸ்டின்.

‘நைஸ்’ சொல்வது தப்பில்லை. ஆனால், அதோடு நிறுத்தாதீர்கள். இரண்டு நாள் கஷ்டப்பட்டு வரைந்தவன், நீங்கள் படத்தைச் சரியாகப் பார்க்கவே இல்லை என்று நினைத்து விடுவான். ‘யானையோட கண்ணு நிஜம் மாதிரியே இருக்குடா’ என்று சொல்லிப் பாருங்கள். அவன் முகம் மலரும். அம்மாவிடம், ‘ஏலக்காய் வாசனை சூப்பரா இருக்கும்மா’ என்று சொல்லுங்கள். கவனித்துப் பார்ப்பவர்களால் தான் இப்படிப் பாராட்ட முடியும்.

இன்றே ஒருவரிடம் சொல்லிப் பாருங்களேன்!