அடியில் பூசாத வட்டம்

இந்த வார எரிச்சலுக்குக் காரணம் ஒரு விளம்பர வாசகம். ஆய்வகக் கருவி விற்பவர்கள் இப்போது ஒரு பெருமை பேசுகிறார்கள்: எங்கள் பிசிஆர் கருவியின் மூடியைத் திறந்தால் மாதிரித் தட்டு மூடியோடு ஒட்டிக்கொண்டு எழும்பாது, தானாக விடுபட்டு நிற்கும். முதல் நாளிலிருந்தே இருந்திருக்க வேண்டிய ஒன்றைக் கூடுதல் வசதி என்று விலை போட்டு விற்பது வணிகத்தில் புதிதல்ல. அதை வாங்குகிறவர்களும் வியப்போடு கேட்டுக்கொள்கிறார்களே, அதுதான் தாங்கவில்லை. விஷயம் இதுதான். காரி முல்லிஸ் 1983-இல் கண்டுபிடித்து, 1993-இல் நோபல் பரிசும் பெற்ற முறை பிசிஆர். துளியளவு மாதிரியை 95 டிகிரிக்குச் சூடாக்கி, ஐம்பது, அறுபதுக்கு இறக்கி, மறுபடி 72-க்கு ஏற்றி, இதையே முப்பது முறைக்கு மேல் திருப்பிச் செய்தால் மரபணுத் துண்டு ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிக்கும். மாதிரியோ இருபது, இருபத்தைந்து மைக்ரோலிட்டர்தான். சூட்டில் அந்த நீர் ஆவியாகி மேலே போய் மூடியில் வியர்த்துவிட்டால் கீழே வினை நடக்க ஒன்றும் மிஞ்சாது. ஆரம்பத்தில் ஒவ்வொரு குழாயிலும் ஒரு சொட்டு மினரல் ஆயில் விட்டுச் சமாளித்தார்கள். பிறகு மூடியையே சுமார் 105 டிகிரியில் வைக்கும் யோசனை வந்தது. மாதிரியைவிட மூடி சூடாக இருந்தால் ஆவி அங்கே படியாது. நல்ல யோசனைதான். ஆனால் அந்தச் சூடான மூடி, பசைத் தாள் ஒட்டிய பிளாஸ்டிக் தட்டை மணிக்கணக்கில் அழுத்திக்கொண்டிருக்கிறது. பசை இளகி ஓரத்தில் கசிகிறது; தட்டின் பாலிபுரொப்பிலீன் உருகாவிட்டாலும் நெகிழ்கிறது. வேலை முடிந்து மூடியைத் தூக்கினால் தட்டும் கூடவே வருகிறது.

வந்தால் என்ன, பிய்த்து எடுத்தால் போயிற்று என்று தோன்றலாம். முப்பது சுற்று முழுமையாக நடந்தால் ஒரு துண்டு 107 கோடிக்கும் மேலாகப் பெருகியிருக்கும். இழுத்த இழுப்பில் பசைத் தாள் ஒரு மூலையில் பிரிந்து கண்ணுக்குத் தெரியாத சாரல் கிளம்பினால் போதும், அதே அறையில் நாளை வைக்கிற மாதிரியில் நோய் இல்லாதவருக்கும் நோய் இருப்பதாக முடிவு வரலாம். கொரோனா காலத்தில் ஆர்டி-பிசிஆர் என்ற பெயர் டீக்கடை வரைக்கும் வந்தது. அந்தத் தட்டை வேலை முடிந்தபின் திறக்காமல் அப்படியே அப்புறப்படுத்த வேண்டும் என்ற விதியின் காரணம் அந்த அளவுக்கு வந்து சேரவில்லை. இந்தக் கருவிகளை வாங்கப் போடும் டெண்டர் ஆவணங்களின் மேல்தான் எனக்கு மனத்தாங்கல். எத்தனை குழி, நொடிக்கு எத்தனை டிகிரி ஏறும், எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்றெல்லாம் பக்கம் பக்கமாகக் கேட்கும் ஆவணம், உள்ளே போன தட்டு எப்படி வெளியே வரும் என்று பெரும்பாலும் ஒரு வரிகூடக் கேட்பதில்லை. கருவியை ஒருவரிடமும் தட்டை இன்னொருவரிடமும் பசைத் தாளை யார் குறைந்த விலை சொன்னாரோ அவரிடமும் வாங்கிவிட்டு, மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதற்கு மூடியைத் திறந்தவரைக் குறை சொல்கிறோம்.

இத்தனைக்கும் அதே ஆய்வகத்தின் அடுத்த மேசையில் விடை உட்கார்ந்திருக்கிறது. மஃபில் உலைக்குள் வைக்கும் குரூசிபிள் என்ற சிறு பீங்கான் கிண்ணத்தைக் கவிழ்த்துப் பாருங்கள். உள்ளும் புறமும் பளபளவென்று கிளேஸ் பூசியிருக்கும். வெளி அடிப்பாகம் மட்டும் பூசாமல் வெறுமையாக இருக்கும். கிளேஸ் என்பது கண்ணாடி. சூளையில் அது உருகித் தேன்போல ஆகும், ஆறும்போது எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறதோ அதோடு ஒன்றாகிவிடும். ஆகவே தொடப்போகிற இடத்தில் கண்ணாடியே இருக்கக்கூடாது என்று செய்தவன் முன்கூட்டியே முடிவு செய்திருக்கிறான். இந்த முடிவை எடுக்கத் தெரிந்தவர்கள் எங்கோ இல்லை. வேப்பூர் கூட்டுரோட்டிலிருந்து கிழக்கே பஸ் ஏறினால் விருத்தாசலம். அகல் விளக்கும் பொம்மையும் ஃபியூஸ் கட்டையும் செய்யும் பட்டறைகள், செராமிக் தொழில்நுட்பத்துக்கென்றே ஓர் அரசு டிப்ளமோ கல்வி நிலையம் எல்லாம் உள்ள ஊர். கார்த்திகை வந்தால் அகல் விளக்குக்காகச் செய்தித்தாள்கள் அந்த ஊரை நினைத்துக்கொள்ளும். அந்த விளக்கு சூளைத் தட்டைவிட்டு முழுசாக எழுந்து வந்ததே பாதி வித்தை என்று எந்தச் செய்தியும் எழுதுவதில்லை.

ஒட்டாமல் எடுப்பது அந்தத் தொழிலில் சூளைக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. பொம்மைக்குக் களிமண் கூழைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு நீரை உறிஞ்சுகிறது. சுவரோரமாகக் களிமண் தடித்து இறுகுகிறது. மிச்சக் கூழைக் கவிழ்த்துவிட்டுக் காத்திருந்தால், உலர உலர மண் சுருங்கித் தானே அச்சைவிட்டு விலகுகிறது. எண்ணெயும் தடவவில்லை, யாரும் இழுக்கவும் இல்லை. ஆனால் பொம்மையின் கை உள்பக்கம் வளைந்திருந்தால் சுருங்கினாலும் வெளியே வராது; அதனால் அச்சை எத்தனை துண்டாகப் பிரிப்பது என்பதை அச்சு செய்யும்போதே தீர்மானித்தாக வேண்டும். முதல் சுடுதலில் கிளேஸ் இல்லை, பண்டங்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கலாம், ஒட்டாது. கிளேஸ் போட்டபின் வரும் இரண்டாம் சுடுதலில் ஒன்றையொன்று தொடவே கூடாது. அடிவட்டத்தில் பட்ட கிளேஸை ஈரப் பஞ்சால் துடைத்தெடுக்கிறார்கள். அதற்குமேல் காவலாகச் சூளைத் தட்டின் மேல்பக்கம் அலுமினாவும் வெள்ளைக் களிமண்ணும் கரைத்துப் பூசுகிறார்கள். அலுமினா உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். 1,200, 1,300 டிகிரி சூளையில் அது அசையாது. கிளேஸ் ஒரு சொட்டு வழிந்தாலும் இந்தப் பூச்சைத்தான் பிடிக்கும், தட்டைப் பிடிக்காது; பூச்சோடு சேர்த்துப் பெயர்த்தெடுக்கலாம். இட்லித் தட்டில் துணி செய்யும் வேலைதான். தட்டின் கீழ்ப்பக்கம் மட்டும் பூசமாட்டார்கள். அங்கே பூசினால் செதில் உதிர்ந்து கீழ் அடுக்கில் உள்ள பண்டத்தின் மேல் விழும். இவ்வளவு யோசனையும் பண்டத்துக்காக அல்ல, பண்டத்தை எடுப்பதற்காக.

இதற்கு ஒரு விலை உண்டு, அதைத்தான் நாம் கொடுக்க மறுக்கிறோம் என்பது என் வாதம். விடுபட வேண்டுமானால் ஏதோ ஓர் இடத்தை வெறுமையாக விட்டாக வேண்டும். சீனத்தின் சோங் அரசர் காலக் கதை இதற்கு நல்ல சாட்சி. திங் சூளைகளில் மெல்லிய வெள்ளைக் கிண்ணங்களைக் கவிழ்த்து வைத்துச் சுட்டார்கள். அப்படிச் சுட்டால் கோணாது, ஒரே இடத்தில் நிறைய அடுக்கவும் முடியும். ஆனால் தாங்கி நின்றது விளிம்பு என்பதால் விளிம்பில் கிளேஸ் இல்லை. உதடு படுகிற இடமே சொரசொரப்பு. அதை மறைக்கச் செம்பிலோ வெள்ளியிலோ பொன்னிலோ வளையம் கட்டினார்கள். அப்படியும் அந்தச் சொரசொரப்பான வாய் அரண்மனைக்குப் பிடிக்கவில்லை, அதனால்தான் ரூ சூளைக்கு ஆணை போனது என்று பழைய சீனக் குறிப்பு சொல்கிறது. ரூ சூளைக்காரர்கள் என்ன செய்தார்கள்? பண்டம் முழுக்க, அடிப்பாகம் உட்பட, கிளேஸ் பூசினார்கள். ஊசி முனைபோன்ற சிறு முட்டுகளின் மேல் நிறுத்திச் சுட்டார்கள். எள் அளவுக்கு மூன்று, ஐந்து புள்ளிகள் மட்டும் அடியில் நின்றன. வெறுமையை ஒழிக்க அவர்களாலும் முடியவில்லை. வாயிலிருந்து அடிக்கு நகர்த்தினார்கள், வட்டத்தைப் புள்ளியாகச் சுருக்கினார்கள். இன்று உலகத்தில் எஞ்சியிருக்கும் ரூ பண்டங்கள் நூறுக்கும் குறைவு. 2017-இல் ஹாங்காங் ஏலத்தில் அப்படி ஒரு சிறு தூரிகை கழுவும் கிண்ணம் 29 கோடி ஹாங்காங் டாலருக்கும் மேல் விலை போனது. அசல்தானா என்று பார்க்க வருகிறவர்கள் முதலில் தேடுவது அந்த எள் தழும்பைத்தான்.

சூளையையும் பிசிஆரையும் ஒரே கயிற்றில் கட்டலாமா, ஒன்று 1,200 டிகிரி, இன்னொன்று 105. ஒன்றில் கண்ணாடி உருகுகிறது, மற்றதில் பசை இளகுகிறது என்று ஒரு பொறியாளர் ஆட்சேபிக்கலாம். ஒட்டும் விதம் வேறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். நான் ஒப்பிடுவது ஒட்டும் விதத்தை அல்ல, எங்கே பிரிய வேண்டும் என்று யார், எப்போது முடிவு செய்கிறார்கள் என்பதை. சூளைக்காரர் நெருப்பு மூட்டுவதற்கு முன்பே செய்கிறார். மற்றவர் மூடியைத் திறக்கும்போது யோசிக்கிறார். இரண்டாவது ஆட்சேபம் கனமானது: சிறு பட்டறைக்கு இதெல்லாம் கூடுதல் செலவு, துடைக்க ஒரு ஆள், பூச்சைச் சுரண்டி மறுபடி பூச ஒரு நாள், வாங்குபவரோ அடியில் வெள்ளையாக இருக்கிறதே என்று விலையைக் குறைக்கிறார். உண்மை. அதற்குப் பதில் பட்டறையைக் கடிந்துகொள்வதாக இருக்க முடியாது. துடைக்காமல் விட்டால் போவது ஒரு விளக்கு மட்டுமல்ல. பல முறை சுட வேண்டிய சூளைத் தட்டும் போகும். அந்தக் கணக்கு பட்டறைக்காரருக்கு நன்றாகவே தெரியும். தெரியாதது வாங்குகிற நமக்கு. முழுப் பளபளப்பு கேட்டு, வெறும் அடியைக் குறை என்று நினைத்து, அந்தக் குறைக்காக நாம் கழிக்கும் ரூபாய் துடைத்தவரின் கூலியிலிருந்துதான் போகிறது.

ஆகவே ஒரு வேண்டுகோள். அகலோ கோப்பையோ ஊறுகாய் ஜாடியோ வாங்கும்போது கவிழ்த்துப் பாருங்கள். அடிவட்டம் பூசாமல், ஒரே அகலமாக, ஓரம் சீராகத் துடைத்திருந்தால் அது நல்ல வேலை. அதற்காக விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்காதீர்கள்.