தேசப்பற்றுக்கு எது அளவுகோல்?

தேசப்பற்று வேறு, தொழிலாளர் அரசியல் வேறு. முன்னது புனிதமானது, பின்னது பிளவு விளைப்பது என்று மேடைதோறும் ஓதப்படுகின்றது. இவ்வாதத்தை விருதுநகர்ச் சீமையே பொய்ப்பித்துவிட்டது என்பது நம் துணிபு.

'தமிழ்நாடு' எனும் பெயர் வேண்டி 1956 ஜூலை 27 அன்று உண்ணாநோன்பு தொடங்கியவர் விருதுநகர்த் தியாகி சங்கரலிங்கனார். விடுதலைப் போரில் காந்தியடிகளின் வழி நின்ற காங்கிரஸ்காரர் அவர். அன்றைய முதலமைச்சர் காமராசரும் அவ்வூரினரே. ஆயினும் கோரிக்கை நிறைவேறவில்லை. அக்டோபர் 13 அன்று மதுரை மருத்துவமனையில் அம்முதியவரின் உயிர் பிரிந்தது. தம் உடலை யாரிடம் ஒப்படைக்கச் சொன்னார்? கம்யூனிஸ்டுகளிடம்! இன உணர்வும் உழைப்பாளர் அரசியலும் பகையென்றால், அவ்விறுதி விருப்பத்திற்குப் பொருள் என்ன? 1969 ஜனவரி 14 அன்று பெயர் வந்தது. அப்பெயர் தாங்கிய மண்ணில் உழைப்பவன் நிலை என்னவாயிற்று?

1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்தனர். சுவீடன் தீப்பெட்டியோடு போட்டியிட்ட சுதேசித் தொழில் அது. பின்னர்ப் பட்டாசும் அச்சும் சேர, சிவகாசி 'குட்டி ஜப்பான்' ஆயிற்று. பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் 14 வயதுக்குட்பட்டோரை ஆலையில் அமர்த்தலாகாது என்று 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம் விதித்திருந்தும், சிவகாசிச் சிறார்க்காக உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்புரைக்க நேர்ந்ததே, அது யாருக்குப் பெருமை? 2012-இல் முதலிப்பட்டியில் 30-க்கு மேற்பட்டோர் கருகினர்; 2021-இல் அச்சங்குளத்தில் 20-க்கு மேற்பட்டோர் மாண்டனர். உரிமம் ஒருவர் பெயரில். ஆலையோ உள்குத்தகைக்காரர் கையில். அறைக்கு இத்தனை பேர் என்ற வரம்பு ஏட்டில். எண்ணிக்கைக் கூலியின் அவசரமோ மருந்தறையில். இதனை விதியென்று சொல்வது, விதியின் மீது பழி போடுவதாகும்.

சீனப் பட்டாசை எதிர்த்து முழங்குவோரைக் கேட்கின்றோம்: சுதேசிப் பட்டாசு வேண்டும், அதனைச் செய்யும் சுதேசி மனிதன் வேண்டாவா?

நம் சமுதாயத்தையும் கேட்கின்றோம். நம் தேசப்பற்றைப் பிறர் ஐயுறும்போது வரலாற்றை எடுத்துக்காட்டுகின்றோம், நன்று. ஆனால் வியர்வை உலருமுன் கூலி கொடுக்கப் பணித்த பெருமானார் (ஸல்) அவர்களின் உம்மத்தினர், கந்தூரியிலும் கல்யாண ஊர்வலத்திலும் வாணம் கொளுத்துகையில், அதை உருட்டிய விரல்களை நினைத்ததுண்டா?

உள்குத்தகை ஒழிய வேண்டும். நியாயமான கூலி வேண்டும். மாண்டோர் குடும்பத்திற்கு இழப்பீடு தாமதமின்றிச் சேர வேண்டும். இவற்றைக் கேட்பது தேசத்துரோகமன்று. கேளாதிருப்பதே துரோகம்.