தெர்மாகோல் எரிமலைக்கா பரிசு?

பெரம்பலூர், அரியலூர் பிள்ளைகளுக்குக் காலடியிலேயே ஆராய்ச்சிக்கூடம் கிடக்கிறது! சாத்தனூரில் கல்லாகிப்போன 18 மீட்டர் மரம். காரையில் கடல் சிப்பி. அரியலூரில் சுண்ணாம்புக்கல் சுரங்கம்.

10 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்காக 1993-ல் தேசிய அளவில் தொடங்கிய குழந்தைகள் அறிவியல் மாநாடு சொன்னது என்ன? சொந்த ஊர்ப் பிரச்சினையை எடு, நேரில் போய்ப் பார், அளந்து எழுது என்றுதானே!

அப்புறம் ஏன் பள்ளிக்கூடப் போட்டிகளில் அப்பா ஒட்டிக் கொடுத்த எரிமலைக்குக் கைத்தட்டல்? ஊர்க் கிணற்றில் தண்ணீர் எத்தனை அடி இறங்கியது என்று மாதாமாதம் கயிறு விட்டு அளந்த பிள்ளை மூலையில் நிற்பதா?

நடுவர்களே, மாடலை விடுங்க. நோட்டைப் புரட்டுங்க. "இதை எப்படிக் கண்டுபிடிச்சே?" என்று ஒரு கேள்வி கேளுங்க. செஞ்சது அப்பாவா, பிள்ளையா என்பது நொடியில் தெரிந்துவிடும்!