முகத்தில் 30,000 புள்ளிகள்: அந்தக் குட்டித் தகட்டை பெங்களூருவில் செய்ய முடியுமா?

ஃபேஸ் ஐடி உள்ள ஐபோனை முகத்துக்கு நேரே பிடித்தால் லாக் திறந்துவிடுகிறது. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத 30,000-க்கும் மேற்பட்ட அகச்சிவப்புப் புள்ளிகள் உங்கள் முகத்தில் விழுந்திருக்கும். அப்போ உள்ளே 30,000 லேசரா இருக்கு? இல்லை. கொஞ்சம் லேசர் கதிர்களைப் பல மடங்காகப் பிரித்துக் கொடுக்கிறது ஒரு சின்னத் தகடு. அதன் பெயர் டிஃப்ராக்டிவ் ஆப்டிகல் எலிமென்ட், சுருக்கமாக டிஓஇ.

பிளஸ் டூ இயற்பியலில் 'விளிம்பு விளைவு' படித்தது ஞாபகமிருக்கா? அதேதான். தகடு தட்டையானது. மேற்பரப்பில் உள்ள நுண்ணிய மேடு பள்ளங்கள் ஒளியைத் திருப்பிவிடுகின்றன.

செய்வது எப்படி? கண்ணாடியில் ஃபோட்டோரெசிஸ்ட் பூசி, அதன் மேல் லேசரைப் பேனா போல ஓட்டி டிசைனை எழுதுகிறார்கள். மாஸ்க் தேவையில்லை. கழுவி, எட்ச் செய்தால் பள்ளம் ரெடி. 633 நானோமீட்டர் சிவப்பு லேசருக்கு, சிலிகா கண்ணாடியில் பள்ளத்தின் ஆழம் சுமார் 690 நானோமீட்டர் இருக்க வேண்டும். இது தப்பினால் ஒளியில் ஒரு பங்கு பிரியாமல் நேராகப் போய், நடுவில் பளிச்சென்று ஒரு புள்ளியாக நிற்கும். முகத்தை ஸ்கேன் செய்யும் கருவியில் அது கண்ணுக்கே ஆபத்து.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே ஆழத்தில் வெட்டினால், விரும்பிய ஒரு திசைக்கு அதிகபட்சம் 40 சதவீத ஒளிதான் போகும். நான்கு படிகளாக வெட்டினால் 81 சதவீதம். ஆனால் இரண்டாவது முறை எழுதும்போது முதல் டிசைன் மேல் இம்மி பிசகாமல் பொருந்தணும். தலைவலியே அங்கேதான்.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் நானோ அறிவியல் மற்றும் பொறியியல் மையத்தில் கிளீன் ரூமும் லேசர் ரைட்டரும் உள்ளன. 2008-ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டம் மூலம் வெளிக் கல்லூரி ஆய்வாளர்களும் அங்கே வேலை செய்திருக்கிறார்கள். பல டிஓஇ-களுக்கு மைக்ரோமீட்டர் அளவுக் கோடுகளே போதும். குஜராத்தின் தோலேராவில் 91,000 கோடி ரூபாயில் வரும் டாடா சிப் ஆலையின் 28 நானோமீட்டர் நுட்பம் இதற்குத் தேவையே இல்லை.

அப்புறம் என்ன தடை? லேசர் புள்ளி புள்ளியாக எழுதுவதால் மெதுவானது. பத்து சாம்பிளுக்கு சரி, பத்து லட்சத்துக்கு சரிவராது. அதற்கு முதல் தகட்டை அச்சாக்கி, ரெசினில் அழுத்திப் பிரதி எடுக்கணும். என் கணிப்பில், லேப்புக்கும் ஃபேக்டரிக்கும் நடுவிலுள்ள இந்தப் படிக்குத்தான் முதலீடு வேண்டும். உங்க கம்பெனி ஹார்டுவேர் செய்கிறது என்றால், சாம்பிள் வாங்கும்போதே கேளுங்கள்: பிரதி எடுத்துக் கொடுப்பது யார்?